மூன்றாவது மாடி மீசை

"இங்கேயே தங்கிப் பயிற்சி எடுத்துக்கறீங்களா, இல்ல வீட்டுக்குப் போயிட்டு தினமும் வந்து போறீங்களா?"

பிசியோதெரபி டாக்டரம்மா கேட்டு வாய் மூடவில்லை. "வீடு" என்றார் மீசைக்காரர். அதே நொடியில் "இங்கேயே" என்றாள் அவர் மனைவி.

மீசைக்காரர் கட்டிலில் காலை நீட்டியபடியே மனைவியை முறைத்தார். வலது முழங்கால் சில்லு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. ஊரில் பாதிக் கட்டிடங்களுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எங்கோ ஒரு ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். விழுந்தவர் முதலில் தடவிப் பார்த்தது முட்டியை அல்ல, மீசையை. மண் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகுதான் "ஐயோ" என்றார். அப்பேர்ப்பட்ட மீசை.

"இங்கே பயிற்சிப் படிக்கட்டு இருக்கு, பக்கத்துலயே நாங்க இருப்போம்," என்றார் டாக்டரம்மா. "வீட்டுல யாரு சார் உங்களைப் படி ஏற வைப்பாங்க? இந்த முட்டிக்குப் படிதான் மருந்து."

"நான் எதுக்கும்மா படி ஏறணும்? என் வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு. யார் கை வச்ச லிஃப்ட்? என் கை! நான் பார்க்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நின்னுபோச்சுன்னு எவனாவது சொல்லட்டும். பாதி மீசையை எடுத்துக்கறேன்!"

"அதுதான் சார் பிரச்சினையே."

"நான்தான் சொன்னேனே டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் உட்கார்ந்தா நாற்காலியாப் பார்த்து எழுந்தாத்தான் உண்டு."

ஆனாலும் மீசைக்காரர் பிடித்த பிடியை விடவில்லை. வீடுதான் என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் கைத்தடியோடு காரிலிருந்து இறங்கி, கீழ்த்தளத்தில் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் முனகாமல் முக்காமல் வந்து நின்றது. "பார்த்தியா?" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார். உள்ளே போனதும் சட்டை நுனியால் அங்கிருந்த சிவப்புப் பொத்தானைத் துடைத்தார். அதை அழுத்தினால் லிஃப்ட் அங்கேயே நிற்கும்; மறுபடி இழுத்துவிட்டால்தான் நகரும். ஆபத்துக்கு மட்டும்தான் அது.

நான்காவது மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா ஒரு முறை துணி மூட்டைகளை ஏற்றுவதற்காக அதை அழுத்திவிட்டாள். அவ்வளவுதான். மீசைக்காரர் கட்டிடத்தையே கீழே கூட்டி அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். "என்னைக் கேட்காம இந்தப் பொத்தானை ஒருத்தரும் தொடக்கூடாது!" தையல்காரம்மா அழுதே விட்டாள். அன்றிலிருந்து அதைத் தொட இந்தக் கட்டிடத்தில் ஆள் கிடையாது.

முதல் வாரம் ராஜ வாழ்க்கை. லிஃப்ட்டில் இறங்கி, காரில் ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன பயிற்சியில் பாதியைச் செய்து, லிஃப்ட்டில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மீதிப் பயிற்சியைக் கேட்டால், "மனசுக்குள்ளயே செஞ்சுட்டேன்" என்பார்.

மனசுக்குள் செய்தால் முட்டி மடங்குமா? டாக்டரம்மா காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்படியே விட்டா இது விறைச்சுடும் சார். அப்புறம் ஏணி ஏற முடியாது, தொழிலை மறந்துட வேண்டியதுதான். இந்த மாசக் கடைசிக்குள்ள மாற்றம் தெரியலைன்னா இங்கேயே படுக்க வச்சிடுவேன்."

தொழில் என்ற வார்த்தை மீசைக்காரரைச் சுருக்கென்று தைத்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மனைவி மட்டும், "நீங்க கார்ல உட்காருங்க, மாத்திரை விவரம் கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனவள் வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். கார் தெருமுனையில் திரும்பும்போது தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, தலையணை உறை தைச்சாச்சா? சரி, சரி. இதோ வந்துட்டோம்."

கீழ்த்தளத்தில் மீசைக்காரர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. லிஃப்ட் வரவில்லை. மறுபடி அழுத்தினார். லிஃப்ட் நான்காவது மாடியில் இருப்பதாகக் காட்டியது, அசைவேனா என்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். நல்ல வேளை, யாரும் இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "மேல மெஷின் ரூமுக்குப் போய் ஒரு தட்டு தட்டிட்டு வரேன்."

"இந்தக் காலோடயா? மெதுவா, மூணாவது மாடிவரைக்கும் ஏறினாப் போதும்ங்க. வீட்டுல உட்கார்ந்துட்டு அப்புறம்..."

"மானம் போகுது, உட்காரச் சொல்றே!"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முட்டி உயிரை எடுத்தது. படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். "வழியில நாற்காலி போடறதுக்கு அறிவு வேண்டாம்?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தார். மூன்றாவது மாடியில் மனைவி எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் நான்காவதுக்குப் போனார். அங்கே தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு லிஃப்ட் வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே! ஏறியே வந்துட்டீங்களா?"

"சிவப்புப் பொத்தானை யாராவது தொட்டீங்களா?"

"ஐயோ அண்ணே, அன்னிக்கு வாங்கினது போதாதா? கேக்காம யாராவது தொடுவாங்களா?"

அதுவும் சரிதான். இன்னும் மேலே ஏறி, மெஷின் ரூமுக்குள் போய்ப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இணைப்புகளை எல்லாம் துடைத்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் சமர்த்தாகக் கதவைத் திறந்தது. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு லிஃப்ட்டிலேயே வீட்டுக்கு இறங்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் அதே கதை. ஏறினார், துடைத்தார், ஓடியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலைந்து நாள் போனதும் டாக்டரம்மா காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! இன்னும் கொஞ்சம் கூட்டணும்" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அன்று மீசைக்காரர் பழைய ரிலே ஸ்விட்ச்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார். பலன்? அதுவரை பகலில் மட்டும் நின்ற லிஃப்ட், அன்றிலிருந்து சாயங்காலக் காற்று வாங்கிவிட்டு வரும்போதும் நிற்க ஆரம்பித்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதே என்று நொந்துபோய், கண்ட்ரோல் பலகையையே மாற்றினார். அதன்பின் பேப்பர் எடுக்கக் கீழே போனால்கூட நின்றது.

"இதுக்கு என் மேல ஏதோ கோபம்," என்றார் மனைவியிடம். "நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ எண்ணெய் போடாம விட்டுட்டாங்க. அதான்." ஒரு நாள் லிஃப்ட்டுக்குள் தனியாக நின்று, "இனிமே அப்படி நடக்காதும்மா" என்று மன்னிப்பே கேட்டார்.

"தலையணை உறை என்னம்மா ஆச்சு? இதோ வந்துட்டோம்," என்று மனைவி காரில் வழக்கம்போல் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தலையணை உறை தைக்க ஒரு மாசமா? அந்தம்மா தொழிலும் என் தொழில் மாதிரிதான் போய்க்கிட்டிருக்கு," என்றார் மீசைக்காரர் கசப்போடு.

ஒரே ஓர் ஆறுதல். இத்தனை நாளில் கட்டிடத்தில் ஒருத்தர்கூடப் புகார் சொல்லவில்லை. எதிரே வந்தால் சிரித்துவிட்டுப் போனார்கள். தன் மேல் வைத்திருக்கும் மரியாதை அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாதக் கடைசியில் டாக்டரம்மா அவரை நடக்க வைத்தார், குந்த வைத்தார், பயிற்சிப் படிக்கட்டில் கைப்பிடி இல்லாமல் ஏற வைத்தார். அவர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி இறங்கினார்.

"சபாஷ்! உள்ளேயே தங்கினவங்ககூட இவ்வளவு சீக்கிரம் தேறினதில்லை. நாளைக்கே வேலைக்குப் போகலாம் சார்!"

மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன. "என் வீட்டுக்காரராச்சே!" என்று டாக்டரம்மாவிடம் வாய்விட்டே சொன்னாள்.

மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் ஒரே அழுத்தலில் வந்தது. அவர் அதில் ஏறவில்லை. படியேறிப் போய், கண்ணாடி முன் உட்கார்ந்து, சோப்பைக் குழைத்து இடது பக்க மீசையில் தடவினார். சவரக் கத்தியை எடுத்தார்.

"என்னங்க இது!" என்று அலறினாள் மனைவி.

"சொன்ன சொல். ஒரு தடவை நின்னாப் பாதி மீசைன்னு சொன்னேன். ஒரு தடவையா நின்னுச்சு? முட்டி தேறிடுச்சு, தொழில்ல தோத்துட்டேன்."

"இப்ப யார் கேட்டா உங்களை?"

"யாரும் கேட்கலை. அதனாலதான் நானே எடுக்கணும். கேட்ட பிறகு எடுத்தா அது தண்டனை. கேட்காம எடுத்தாத்தான் மரியாதை." சோப்பை இன்னொரு முறை தடவினார். "என் கை பட்ட லிஃப்ட் நிக்காதுன்னு நான் நிஜமாவே நம்பினேன்டி."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பாவம், பார்க்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கத்தியை மீசையருகே கொண்டுபோனார். ஒரு முறை கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். கழுத்தில் அளவு நாடா பறக்க, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள் தையல்காரம்மா. அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு மனைவி.

"கத்தியைக் கீழே வைங்கண்ணே! உங்க லிஃப்ட் ஒரு நாளும் கெட்டுப்போகலை. சிவப்புப் பொத்தானை நான்தான் அழுத்தி வச்சேன், அதுவும் நீங்க போட்ட சட்டப்படி கேக்காம தொடலை, தினமும் அண்ணி போன்ல சொன்ன பிறகுதான் தொட்டேன்!"