என் லேப்டாப்பில் மட்டும் ஓடும்

தற்பெருமை என்கிற வியாதி எனக்கு உண்டு. இப்போது ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

பகலில் புக்கிட் தெங்கா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மீதி நேரத்தில், புகைப்படங்களை மின்னல் வேகத்தில் சிறிதாக்கும் ஒரு நிரல் நூலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு, எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தேன். (எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மச்சான், இன்னொருவர் நான்.) லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் பல வகைகள் உண்டு. அதில் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால், அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் என் நூலகம் ஒரே கட்டளையில் போய்ச் சேரும். அப்படி ஒரு வகைக்கு நிரல்களைச் சேர்த்துக் கொடுக்கும் தன்னார்வலர், ஜார்ஜ்டவுன் பர்வீன் அக்கா. அவர் அப்பாவுக்கு, சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "தம்பி, நல்லா இருக்கு. ஆனா கம்பைலர் ஃபிளாக்க நீங்களே அடிச்சு வச்சிருக்கீங்க. அத எடுத்துருங்க, எங்க ஃபிளாக்க நாங்க போட்டுக்கிறோம்."

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். எப்படி மாற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புகள்தான் ஃபிளாக்குகள். பழைய கணினி, புதிய கணினி எல்லாவற்றிலும் ஓடுகிற மாதிரி ஒவ்வொரு லினக்ஸ் வகையும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். நான் அதை மதிக்கவே இல்லை. 'எந்தக் கணினியில் மாற்றுகிறாயோ அதன் புத்தம்புது வித்தைகளையெல்லாம் பயன்படுத்து' என்கிற ஃபிளாக்கை நிரந்தரமாக எழுதி வைத்திருந்தேன். வேகம் இரண்டு மடங்கு! எடுக்க மனசு வருமா?

"வேகம்தான் அக்கா இதோட உயிரு" என்று பதில் போட்டேன்.

"சரி, ஞாயித்துக்கிழம எங்க லினக்ஸ் கூட்டத்துக்கு வாங்க. அங்க இருக்கிற அஞ்சு லேப்டாப்லயும் ஓடிச்சின்னா அன்னிக்கே சேத்துடுறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! எங்கள் ஊர் சுங்கை பாக்காப்பில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு பெரிய டப்பா நிறைய மீகோரிங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "என் மகன் எழுதுனது ஒலகம் பூரா போகப்போவுது, வெறுங்கையோடயா போறது?" ஜார்ஜ்டவுன் தீவுக்குப் போகும் கடல்பாலத்தைத் தாண்டுவதற்குள் நான் நன்றியுரையை நான்கு தடவை ஒத்திகை பார்த்துவிட்டேன்.

கூட்டத்தில் முதலில் என் புது லேப்டாப்பில் காட்டினேன். தேவாலயத் திருவிழாப் படங்கள் நானூறும் ஒரு நொடியில் சுருங்கின. கைதட்டல்! (அம்மாவுடையதுதான் அதிகச் சத்தம்.) அடுத்து, என் லேப்டாப்பில் தயார் செய்ததை அப்படியே பென்டிரைவில் எடுத்து அங்கிருந்த ஐந்தில் முதல் கணினியில் போட்டேன். அது ஒரே ஒரு பிழைவரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

"இந்தக் கணினி சரியில்ல" என்றேன். இரண்டாவதும் நின்றது. "இதுவும் சரியில்ல." மூன்றாவது நின்றதும் பென்டிரைவ் மேல் பழி போட்டேன். நான்காவதற்குக் குளிர்சாதனத்தின் மேல். ஐந்தாவதற்குச் சொல்ல என்னிடம் காரணமே மிச்சமில்லை. அத்தனையும் பல கை மாறி வந்த பழைய லேப்டாப்புகள். என் கணினியின் புது வித்தைகள் எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

பர்வீன் அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நாசி கண்டார் எப்படி சாப்புடுவீங்க?"

"பஞ்சிர்தான் அக்கா. சோறு முங்குற அளவுக்குக் குழம்பு வேணும்."

"ஒங்களுக்குப் புடிக்குதுன்னு எங்க வாப்பா எல்லார் தட்டுலயும் கேக்காம ஊத்துனா, கடைக்கு ஆளு வருமா?"

பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓடுது" என்று முனகினேன்.

பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, கணீரென்று வந்தது. "அப்படின்னா எல்லாருக்கும் ஒன் லேப்டாப்ப குடுத்து அனுப்பு லா!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இப்போது பர்வீன் அக்காவும் சிரித்தார்.

அந்த இடத்திலேயே என் ஃபிளாக் வரியை அழித்தேன். அக்கா தன் ஃபிளாக்குகளைப் போட்டு மறுபடி தயார் செய்தார். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவதும் ஓடியபோது நான் போட்ட கூச்சலில் அம்மா மீகோரிங் டப்பாவைத் தவறவிடப் பார்த்தார். சொன்னபடி அக்கா அன்றைக்கே நூலகத்தைச் சேர்த்துவிட்டார். அதை இன்று முகம் தெரியாத எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். நினைத்தாலே எனக்கு இன்னும் சந்தோஷத்தில் தலை சுற்றும்.

ஆனால் வீட்டில் யாருக்கும் அந்தப் பெருமை ஞாபகமில்லை. போன மாதம் முதன்முறையாக நானே மிளகாய்ச் சம்பல் அரைத்தேன். ஒரு வாய் வைத்ததும் என் மனைவி தண்ணீருக்கு ஓடினாள், மச்சான் கண்ணில் நீர் கொட்டியது. "என்ன ஆச்சு? எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். "அப்படின்னா எல்லாருக்கும் ஒன் நாக்க குடுத்து அனுப்பு லா!"