நூறாவது ஆட்டக்காரியின் மேலான கருத்து

உலக நாகரிகத்துக்குச் செங்கல்பட்டு அளித்த கொடைகள் பல. அவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ரயில் ஜங்ஷன் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் 'பொதுமக்கள் பொறுமை மேம்பாட்டு அலுவலகம்' என்பார்கள். அதன் கண்காணிப்பாளர் சுப்புராமன் அதையே எழுந்து நின்று சொல்வார்.

அங்கே சான்றிதழ் வாங்க வருகிற ஜனங்கள் காத்திருக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார்களாம். சுளிக்காமலிருக்க ஆவன செய்க என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. "சான்றிதழைச் சீக்கிரம் கொடுத்துட்டா என்ன சார்?" என்று புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தர் கேட்டார். அவரை உடனே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாவம், அனுபவம் போதாது.

சுப்புராமனுக்கு அனுபவம் இருந்தது. மாமல்லபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற விஷாகா என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தார். அவள் செய்து கொடுத்ததுதான் 'படியேறு பார்க்கலாம்'. தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே ஏழு மாடி ஆபீஸ் நிற்கும். ஃபைல் கட்டுக்கு ஃபைல் கட்டு தாவி மேலே ஏற வேண்டும். மாடிக்கு ஒரு புதிர். ஒன்றில் ரப்பர் ஸ்டாம்புகள் எலி மாதிரி ஓடும், பிடித்து வரிசையாக வைக்கணும். இன்னொன்றில் 'சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்' என்று அட்டை தொங்கும் நாற்காலி, கிட்டே போகப் போக நழுவும். ஏழாவது மாடியில் பொம்மை அதிகாரி. நாம் எந்தச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்திருக்கிறோமோ, அதில் அவர் கையெழுத்துப் போட்டால் நாதஸ்வரம் முழங்கும், பூ கொட்டும், ஆட்டம் ஜெயம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் நூறு ஆட்டக்காரர்களின் கருத்தைச் சேர்த்து அனுப்பினால் 'பொறுமைச் சிகரம்' விருது. விருதை வாங்கச் சுப்புராமன் புது சட்டைகூடத் தைத்துவிட்டார். கருத்துப் படிவத்தில் ஏழு கேள்விகள். ஏழாவது, விஷாகா பிடிவாதமாகச் சேர்த்தது: 'விளையாட்டில் நிஜத்துக்குப் பொருந்தாதது ஏதேனும் உண்டா? சுட்டிக்காட்டினால் உடனே திருத்தப்படும்.'

கருத்துகள் குவிந்தன. ஜனங்களுக்குக் கருத்து சொல்லத் தெரியுமே தவிர எழுதத் தெரியாது என்பதால், அந்தப் பாரத்தைச் சுப்புராமனே தோளில் சுமந்தார்.

சதுரங்கப்பட்டினத்து மீனவர் சாலமோன் மூன்றாவது மாடியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். "முப்பது வருசமா கடலுக்குப் போறேன், ஒரு நாளு வாந்தி எடுத்ததில்ல. இன்னா பேஜாரு சார் இது!" சுப்புராமன் எழுதினார்: 'முப்பது ஆண்டுகளில் பெறாத அனுபவம் பெற்றார்.'

ஆட்டோ ஓட்டும் துரை கண்ணாடியைத் தொடவே இல்லை. "நைனா, நான் மூணு மாசமா நெசமாவே இந்த மாடிங்கள ஏறி எறங்கிகினு கீறேன். எனக்கு எதுக்கு கண்ணாடி?" எழுதினார்: 'மூன்று மாதங்களாக ஆர்வத்துடன் தொடர்ந்து வருகை தருகிறார்.'

கல்பாக்கத்திலிருந்து வந்த பெரிய விஞ்ஞானி ஒருவர், புவியீர்ப்புக் கணக்கு தப்பு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சுப்புராமன் அதைச் சுருக்கி, 'ஈர்ப்பு உள்ளது' என்றார்.

ஏழாவது கேள்விக்கு மட்டும் எல்லோருக்கும் 'இல்லை' என்று அவரே போட்டுவிட்டார். கேள்வி கேட்பது வேறு, பதிலை எதிர்பார்ப்பது வேறு அல்லவா?

வெள்ளிக்கிழமை நாலரை மணி. தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. சுப்புராமன் ஹாலை நோட்டம் விட்டார். மூலையில் வேண்டா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள் கீர்த்தனா. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஏதோ கிராமம், நெல் அறுக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறப் போகும் முதல் ஆள் கீர்த்தனா. 'முதல் பட்டதாரி சான்றிதழ்' இருந்தால் ஃபீஸ் சலுகை உண்டு. சலுகை இல்லையென்றால் சீட்டு கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான். இன்று ஐந்து மணிக்குள் அதை ஏற்ற வேண்டும், ஐந்துக்கு மேல் காலேஜ் வெப்சைட் மூடிவிடும். மனு ரெடி, விசாரணை ரெடி. சுப்புராமன் பட்டனைத் தட்டினால் முடிந்தது. இது நாலாவது நடை.

"சார், அந்த ஒரு கையெழுத்து..." என்று எழுந்தாள் வேண்டா.

"அதுக்கென்னம்மா, போட்டுட்டாப் போச்சு. முதல்ல ஒரு ஆட்டம் ஆடு. கருத்து சொல்லு. டோக்கன் குடு இப்படி, உன் மனு நம்பரைப் போட்டாத்தான் ஆட்டம் தொடங்கும்."

"எனக்கு வெளாட்டெல்லாம் தெரியாது சார்."

"அம்மா, ஆடும்மா, டயம் ஆவுது" என்றாள் கீர்த்தனா.

வேண்டா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். அட, அவள் ஆடின ஆட்டத்தை என்னவென்று சொல்வது! கண்ணாடிக்குள் தெரிவதைக் காட்டும் டி.வி.யை ஹால் மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்தது. ஸ்டாம்புகளை ஓட ஓடப் பிடித்தாள். ஃபைல் கட்டுகளை வரப்பு தாண்டுகிற மாதிரி தாண்டினாள். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் துரத்தித் துரத்தித் தோற்ற அந்த நாற்காலியை அவள் துரத்தவே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா உக்காந்துட்டீங்க?" என்று ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த விஷாகா ஆவலாகக் கேட்டாள்.

"அது எங்க போயிடப் போவுது? துன்னுட்டு தானா வரும். எத்தினி வாட்டி பாத்திருக்கேன்."

வந்தது. அதுதான் அந்தப் புதிருக்கு விடை. பதினோராவது நிமிஷம் ஏழாவது மாடி. பொம்மை அதிகாரி சிரித்தார், பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். நாதஸ்வரம்! பூமாரி! டி.வி. முழுக்க எழுத்து: 'வேண்டா மகள் கீர்த்தனாவுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வழங்கப்பட்டது.'

ஹால் கை தட்டியது. சுப்புராமனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு மனு இவ்வளவு சிறப்பாக முடிந்ததை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. அந்த உணர்ச்சி ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் அவள் டோக்கனை எடுத்து, 'தீர்வு வழங்கப்பட்டது' என்று தட்டி மூடிவிட்டார்.

"சார், இப்ப போடுங்க சார்" என்றாள் வேண்டா, மூச்சு வாங்க. மணி நாலு ஐம்பது.

"எதை?"

"எங்க சர்டிபிகேட்ட."

"அதான் வழங்கியாச்சேம்மா! இத்தனை பேர் பாத்தாங்களே."

"அது பொம்ம சார். கையில ஒண்ணும் இல்லியே."

"ஒரு டோக்கனுக்கு ஒரு தீர்வுதான் விதி. உனக்கு வழங்கினதை மறுபடி வழங்கினா ஆடிட்டுல என் தலை உருளும். வேணும்னா திங்கக்கிழமை புதுசா மனு குடு. பதினஞ்சே நாள்."

"திங்கக்கிழம சீட்டு இருக்காது சார்!" கீர்த்தனா அழுதுவிட்டாள்.

சுப்புராமனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதே கண்ணு. வேணும்னா கண்ணாடியை மாட்டிப் பாரு, சர்டிபிகேட் உள்ளதான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். நாலு ஐம்பத்தேழு. படிவத்தை எடுத்தார். "ஏழாவது கேள்விம்மா, அது ஒண்ணுதான் பாக்கி. நிஜத்துக்குப் பொருந்தாதது ஏதாவது... இல்லைன்னு போட்டுடட்டா?"

"இரு சார்" என்றாள் வேண்டா. "ஒண்ணே ஒண்ணு கீது. கடசில அந்த ஆபீசரு கையெழுத்து போட்றாரு."

ஹால் சிரித்தது. சுப்புராமனும் சிரித்தார். விஷாகா சிரிக்கவில்லை, அதைக் குறித்துக்கொண்டாள். மணி ஐந்தடித்தது. தாயும் மகளும் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்கள்.

விருது கிடைத்தது. விழாவுக்குப் புது சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. நூறு கருத்துகளில் செயலுக்கு வந்தது வேண்டாவுடையது ஒன்றுதான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்களே, இங்கே ஏறிவிட்டது. வாக்களித்தபடி அந்தப் பிழையை உடனே திருத்தி, இரண்டாம் பதிப்பு வந்தது.

இப்போது ஏழாவது மாடியில் பொம்மை அதிகாரி பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார், அவ்வளவுதான். யாரும் ஜெயிப்பதில்லை. ஆட்டக்காரர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள், அச்சு அசல் என்று.