நான்கு குங்குமப் புள்ளிகள்

மக்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது, மக்கள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான். வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் பயப்படுவதில்லை. நானும் பயப்படவில்லை.

முனைவர் பட்டத்தின் முதல் வருடம் அது. ஆம்பூரை ஒட்டிய ஒரு தெரு. வீட்டுக்கு ஒருவராவது தோல் பதனிடும் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்தார்கள். தெருவின் வரைபடத்தை அவர்களே தரையில் கோலமாவால் போட்டு, யார் வீட்டில் மூச்சுத் தொந்தரவு என்று அவர்களே குறிக்க வேண்டும். மாவை நீ தொடவே கூடாது என்று என் பேராசிரியர் மூன்று முறை சொல்லி அனுப்பினார். இந்தத் தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

கம்பெனி லீவு என்று ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் போனேன். (அன்று அமாவாசை. காலண்டர் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.) தெருவில் ஓர் ஆள் இல்லை. சும்மா நிற்பானேன், ஒரு மாதிரிப் படம் போட்டுக் காட்டலாமே என்று, இடம் தாராளமாக இருந்த முச்சந்தியில் குந்தி வீடு வீடாகக் கட்டம் போட்டேன். தண்ணீர்க் குழாய்களுக்கு எலுமிச்சம்பழம் (வருகிறவர்களுக்கு ஜூஸ் போட வாங்கியது). நோயாளி இருக்கும் வீட்டுக்குக் குங்குமம். உதாரணத்துக்குத்தானே என்று கை போன இடத்தில் நான்கு புள்ளிகள் வைத்தேன்.

நிமிர்ந்தபோது சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவர்கூடக் கோட்டை மிதிக்கவில்லை. ஒரு நாய் மட்டும் வந்தது. மோந்து பார்த்துவிட்டு வந்த வழியே போனது. நான் வணக்கம் சொல்லி, பங்கேற்பு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். (பத்து நிமிடம் பேசினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

ஷூ கம்பெனியில் தைக்கும் செல்வி ஒரு புள்ளியைக் காட்டினார். "இது எங்க வூடு. எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதுன்னு உனக்கு யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலக்கா. சும்மா வெச்சேன்."

உண்மைதான். ஆனால் சொல்லியிருக்கக் கூடாத உண்மை. மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஒரு வீட்டில் மாமனார், இன்னொன்றில் மகன், மூன்றாவதில் அந்தப் பெண்ணே. நான்கும் சரி.

"வெச்ச நீயே எடுத்துட்டுப் போய்டு," என்றார் செல்வி. "இல்லன்னா இந்தத் தெருவுல இனிமே கால் வெக்காத."

சாணித் தண்ணீர் வந்தது. மண்டியிட்டு ஓரத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தேன். என் ஆராய்ச்சியும் அதோடு கரைவதைப் பார்த்து, மற்ற வீட்டுக்காரர்களையாவது சமாதானப்படுத்தலாம் என்ற கடைசி நம்பிக்கையில், புள்ளி வைக்காத ஒரு வீட்டைக் காட்டி, இங்கே எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டைக் காட்டினேன். அந்த வீட்டுப் பெண்ணும் குனிந்துகொண்டார்.

செல்வி என் பக்கத்தில் குந்தி, குங்குமப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "நீ எங்க வெச்சிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்," என்றார். மற்றவர்கள் தாழ்ந்த குரலில் வீட்டைச் சொல்லச் சொல்ல, அவர் இன்னும் அழியாத கட்டங்களில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். தெரு முடிவதற்குள் பொட்டலம் தீர்ந்துவிட்டது.

அந்தத் தெருவை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் என்னை அறிமுகப்படுத்தும் விதம் மாறவில்லை. "டாக்டர்தான். ஆனா நோய் வந்தவங்க இவகிட்ட வர மாட்டாங்க. இவ வந்துட்டுப் போனாத்தான் நோய் வரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். ஆனால் என் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்த நான் சிவப்புப் பேனாவைத் திறந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.