சந்தனம் வைத்த மருந்துக் குப்பி

ஒரு காட்டில் சிங்கத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. ஸ்கேன் சென்டருக்குத்தான் மரியாதை. படம் எடுக்காமல் வயிற்றைத் தொடவே மாட்டேன் என்று வைத்தியர் யானை விரட்டிவிட்டதால், சடையாண்டி என்ற முள்ளம்பன்றி வயிற்றுவலியோடு அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று அரை உயிரோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றால் கதை முடிந்தது.

கவுண்டரில் கொக்கு. நிமிர்ந்து பார்க்கும் வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

"மேடம், படம் பளிச்சுனு விழ நரம்புல மருந்து ஏத்துவீங்களாமே. எனக்குக் கிட்னி சரியில்ல. கிட்னியை அவ்வளவாக் கெடுக்காத மருந்து ஒண்ணு இருக்காம். அதைப் போடுங்க."

"இருக்கே!" என்று கொக்கு பெருமையாக இறக்கையை நீட்டியது. சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே ஒரே ஒரு குப்பி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்திருந்தன.

சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப அதையே..."

"அதெப்படிங்க? சீல் உடைஞ்சா எங்க தரச்சான்று போயிடும். சோதனைக்கு வர்றவருக்கு எதைக் காட்டுறது?"

"அப்ப யாருக்குத்தான் போடுவீங்க?"

"அஞ்சு வருசமா யாருக்கும் போட்டதில்ல. அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு ஒரு படிவத்தைத் தள்ளியது. 'பாதுகாப்பான மருந்து நோயாளிக்குக் காட்டப்பட்டதா?' பார்த்தது உண்மைதானே என்று சடையாண்டி கையெழுத்துப் போட்டது. போகிற போக்கில் அலமாரியைத் தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டது, அசடு.

உள்ளே கழுதைப்புலி வழக்கமான மருந்தையே ஏற்றியது. படம் பிரமாதமாக விழுந்தது. வலிக்குக் காரணம் வெறும் வாயு. ஆனால் மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றது. ஐந்தாம் நாள் சடையாண்டியும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் தரச்சோதனைக்கு வந்தது பிணந்தின்னிக் கழுகு. குப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இந்த மருந்தால யாருக்காவது பாதிப்பு உண்டா?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க சார்."

கழுகு மகிழ்ந்துபோய் முதல் தரச் சான்றில் ஒப்பமிட்டது. அப்போது சடையாண்டியின் மனைவி பேச்சி, ஸ்கேன் படத்தோடு அழுதுகொண்டே உள்ளே வந்தது.

"எங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டாங்களே, ஐயா!"

கழுகு படிவத்தை வாங்கிப் பார்த்தது. "மருந்தைக் காட்டியிருக்காங்களேம்மா. கையெழுத்தும் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாகக் கேட்டது: "உடம்பை எப்ப எடுக்கிறீங்க?"

நீதி: உலகிலேயே ஆபத்தில்லாத மருந்து, யாருக்கும் போடாத மருந்துதான். புத்தியுள்ளவர்கள் அதைத் தூர நின்று கும்பிட்டுவிட்டு, ஊசி வருவதற்குள் வாயுவோடு வீடு திரும்புவார்கள்.