ஈ உட்காராத கால்

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஓடை நடுவே ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஒரே ஒரு ஈயாவது வந்து கடிக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார் ஈ சார்.

தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூச்சி ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். வட்டாரத்து ஆறுகளிலும் ஓடைகளிலும் என்னென்ன வகைக் கருப்பு ஈக்கள் இருக்கின்றன என்று கண்டறிவதுதான் அவர் வேலை. கூன் விழுந்த முதுகோடு, எள்ளை விடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும் அந்த ஈ. கடிக்கும்போது வலிக்காது. சாயங்காலம்தான் கடிபட்ட இடம் வீங்கி, சொறியச் சொறிய இன்னும் சொறியச் சொல்லும்.

தண்ணீருக்குள் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் புழுக்கள் அப்பியிருந்தன. வால்புறத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, ஓடி வரும் தண்ணீரை விசிறி மாதிரியான வாயால் வடிகட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமும் புழுவையும் கூட்டுப்புழுவையும் பொறுக்கி வந்தால் போதும் என்றிருந்தது. இந்தத் தடவைதான் புது உத்தரவு: மனிதனைக் கடிக்க வரும் ஈயை, அது கடிக்க உட்காரும் நேரத்தில் பிடித்து வர வேண்டும். அவரும் ஓடை ஓடையாகப் போய்க் காலை நீட்டிப் பார்த்துவிட்டார். ஈக்கள் வந்தன, ஒரு வட்டம் அடித்தன, அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் சங்கடத்தோடு திரும்பிப் போயின.

அலுவலகத்தில் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவருக்குத்தான் பார்வை மங்கும்.

"புழு கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம்."

"கூட்டுப்புழு?"

"ஒரு டப்பா நிறைய இருக்கு மேடம்."

"கடிக்கிற ஈ?"

"அது... அதுகளுக்கு என்னைப் பிடிக்கலை போல மேடம்."

"சம்பந்தம் பேசவா போனீங்க, பிடிக்கறதுக்கும் பிடிக்காததுக்கும்? இங்க பாருங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு வகையில ஒண்ணு மாட்டைக் கடிக்குது, ஒண்ணு மனுஷனைக் கடிக்குது. எந்த ஓடையில எது இருக்குன்னு தெரியாம நான் எங்க போய் மருந்து தெளிக்கச் சொல்றது? மாசக் கடைசிக்குள்ள ஈ வரணும். வரலைன்னா இந்த வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு, உங்களை ஸ்டோர்ல கொசுவலை எண்ணப் போட்டுடுவேன்."

"நான் உட்கார்ந்தா வரமாட்டேங்குதே மேடம்."

"அப்ப வர்ற ஆளைக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க!"

முதலில் ஜீப் டிரைவரைக் கேட்டார். ஓடைக்கரையில் ஜீப்பின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே தூங்குவதுதான் டிரைவரின் வழக்கம்.

"சும்மா கொஞ்ச நேரம் காலை நீட்டிட்டு உட்கார்ந்தா போதும்ப்பா."

"சார், நான் வண்டி ஓட்டறதுக்கு வந்தவன். மேய்ச்சல் நிலமா இருக்கறதுக்கு வரலை" என்று சொல்லிவிட்டு டிரைவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டார். மனைவியின் தம்பி வந்திருந்தான். மெத்துமெத்தென்று, கொழுகொழுவென்று, மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வியர்த்து வழிந்துகொண்டு சோபாவை முழுசாக நிரப்பியிருந்தான். ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு அவனுக்கு நேர்முகத் தேர்வு. அதுவரை அக்கா வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று வந்திருக்கிறான்.

"வாங்க மாமா. இளைச்சுட்டீங்களே" என்றான்.

ஈ சார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அரைக்கால் சட்டைக்குக் கீழே தெரிந்த கெண்டைக்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை விசாலமான கால்கள்!

"மாப்ளே, நாளைக்கு காத்தாட ஓடைப் பக்கம் போய்ட்டு வரலாமா?" என்றார் காதோரமாக.

"படிக்கணுமே மாமா."

"காலைத் தண்ணியில நனைச்சுக்கிட்டுப் படிச்சா அப்படியே மண்டையில ஏறும். உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாதே. ஊர் சுத்தறேன்னு திட்டுவா. லைப்ரரிக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் மச்சினன் பாறைமேல் உட்கார்ந்து காலை நீட்டியதுதான் தாமதம். பந்தி போட்டதும் பாய்ந்து வரும் கூட்டம்போல் ஈக்கள் வந்து மொய்த்தன. ஈ சாருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. உறிஞ்சுகுழாயை வாயில் வைத்து, ஒவ்வொன்றாக இழுத்துக் குப்பிக்குள் தள்ளினார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஆடாதே. உன்னை ஈ கடிச்சுடக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மச்சினன் நெகிழ்ந்துபோனான். "எங்க அப்பா கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லை மாமா."

அந்த வார்த்தை ஈ சாரின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவர் ஒன்றைப் பிடிப்பதற்குள் நாலு கடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலம் மச்சினனின் கால்கள் தூண்களாகிவிட்டன. சீப்பை எடுத்துச் சொறிந்துகொண்டிருந்தவனை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னடா இது கோலம்? எங்கடா போனே?"

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா சுவரைப் பார்த்தார்.

"லைப்ரரிக்குத்தான்க்கா."

"அப்ப மூட்டைப்பூச்சிதான்! லைப்ரரி நாற்காலி பூரா மூட்டைப்பூச்சி! இருங்க, நான் போய்க் கேட்கறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா, நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார் ஈ சார் அவசரமாக. அவர் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.

அடுத்த நாள் காலை மேடம் கூப்பிட்டார்.

"முதல் ஓடை ஈ பிரமாதம். ஆனா இன்னிக்கு நீங்க ஓடைக்குப் போக வேண்டாம். லைப்ரரியில மூட்டைப்பூச்சியாம். யாரோ ஒரு அம்மா வந்து போட்ட சத்தத்துல வாசகர்கள் எல்லாம் எழுந்து ஓடிட்டாங்களாம். கட்டடத்தைப் பூட்டிட்டு நமக்குப் புகார் கொடுத்திருக்காங்க. போய் ஒவ்வொரு நாற்காலியா பார்த்துட்டு வாங்க."

நாள் முழுக்க ஈ சார் நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இல்லாத மூட்டைப்பூச்சியைத் தேடினார். நூலகர் பின்னாலேயே வந்து, "அந்த அம்மாவை மட்டும் நான் மறுபடி பார்த்தேன்..." என்று பல்லைக் கடித்தார். "பாவம், அவங்களுக்கு என்ன மனக்கஷ்டமோ" என்றார் ஈ சார், ஒரு மேசைக்கு அடியிலிருந்து.

வீணான நாளை ஈடுகட்ட, அடுத்து வந்த நாட்களில், ஆபீஸில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மச்சினனை ஓடை ஓடையாக இழுத்துக்கொண்டு போனார். கால் வீங்கியிருந்ததால் இரக்கப்பட்டு, காலுறையும் நீளமான கால்சட்டையும் போட்டுவிட்டார். காலில் இடமில்லை என்று தெரிந்ததும் ஈக்கள் கழுத்துக்கும் காதுக்கும் கண்ணிமைக்கும் குடியேறின. சாயங்காலம் மச்சினனின் முகம், ஈரத்தில் ஊறிய பஞ்சுத் தலையணை மாதிரி உப்பிவிட்டது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் இருந்தன.

"ஐயோ, இந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படிடா போவே? வரவேற்பாளர் வேலைக்கு முகம்தானேடா முதல்!" என்று மனைவி அழாத குறை. இப்போது லைப்ரரியும் பூட்டிக் கிடந்தது. மூட்டைப்பூச்சிமேல் பழி போட வழியில்லை. மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மச்சினனின் காதை மடக்கிப் பார்த்தார். 'ம்' என்றார்.

"எப்பவும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கறாரோ?"

"ஆமா டாக்டர், வீடு, லைப்ரரி, இப்ப இவர் ஆபீஸ்" என்றாள் மனைவி.

"அதான். புழுக்கம் உடம்புக்கு ஒத்துக்கலை. மருந்தை விட, நல்ல காத்தோட்டமான இடம் முக்கியம். ஓடைக்கரை, ஆத்தங்கரைன்னு கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க."

ஈ சாருக்குப் புரையேறிவிட்டது. மச்சினன் அந்த இரண்டு கோடுகளின் வழியாக அவரைப் பார்த்தான். பார்வையில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"நாளைக்கே போறோம். நானும் வர்றேன்" என்றாள் மனைவி.

கடைசி ஓடை. மனைவி வெயிலுக்காகத் தலை முதல் கால் வரை ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு குடையோடு வந்தாள். தம்பியைப் பாறைமேல் உட்கார வைத்து, "ஆழமா மூச்சு இழுடா" என்றாள். அவன் இழுத்தான். மூக்குக்குள் இரண்டு ஈக்கள் போயின. மீதிக் கூட்டம் நெற்றியில் இறங்கியது.

ஈ சாரின் கை அவரை அறியாமலே பைக்குள் போய் உறிஞ்சுகுழாயை எடுத்தது. பழக்கதோஷம். மச்சினனும் பழக்கதோஷத்தில் தானாகவே தலையைச் சாய்த்து, பிடிக்க வாகாகக் கழுத்தைக் காட்டினான்.

மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடையை மெல்ல மடக்கினாள்.

"இதானா உங்க லைப்ரரி?"

ஈ சார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேடத்தின் கண்ணாடி, ஸ்டோரின் கொசுவலை, டிரைவரின் மேய்ச்சல் நிலம், எதையும் விடவில்லை.

"என் கூடப்பிறந்தவனைத் தூண்டில் புழுவாக்கிட்டீங்களா? அந்த லைப்ரரிக்காரரை என்ன பேச்சுப் பேசினேன் நான்! ஈ வேணும்னா நீங்க உட்கார வேண்டியதுதானே?"

"உட்காராமலா? எத்தனை ஓடையில உட்கார்ந்தேன் தெரியுமா? ஒண்ணு கூட வரலை. அதிசயம்தான், என் ரத்தம் அப்படி. அதுங்க என்னைத் தொடவே பயப்படுது."

மனைவி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சட்டென்று குடையை விரித்துக்கொண்டு, "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எந்தச் சண்டையையும் முடித்ததில்லை. ரத்தத்தின் மகிமை என்று ஈ சார் நினைத்துக்கொண்டார்.

மச்சினன் மட்டும் பாறையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மன்னிச்சுடு மாப்ளே" என்றார் ஈ சார், நிஜமாகவே வருந்தி.

"முதல்லயே கேட்டிருக்கலாமே மாமா. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன், அது வேற விஷயம்" என்றான் அவன்.

நேர்முகத் தேர்வுக்கு அந்த உப்பிய முகத்தோடேயே போனான். ஈ சார் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இவன் பிழைப்பில் மண் விழுந்தால் அது தன் கையால் போட்ட மண் என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை.

மச்சினன் திரும்பி வந்தான். "வேலை கிடைச்சுடுச்சு மாமா! வந்தவங்கள்ல, கேள்வி கேட்டவங்க வேணும்னே எத்தனை கோபமா பேசியும் சிரிச்ச முகம் மாறாத ஒரே ஆள் நான்தானாம்."

அவன் கன்னம் இரண்டும் மேலே ஏறி, கண் இடுங்கி, முகம் என்னவோ நிரந்தரமாகச் சிரிப்பது போலத்தான் இருந்தது.

அலுவலகத்திலும் நல்ல செய்தி. எந்த ஓடையில் எந்த வகை என்று எல்லாம் தெளிவாகிவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே பாராட்டினார். அந்தத் தைரியத்தில் ஈ சார் தன் பெரிய கண்டுபிடிப்பை எடுத்து விட்டார்: ஈக்கள் வெறுக்கும் ரத்தம் உலகத்தில் சில அபூர்வ மனிதர்களுக்கு மட்டும் இருக்கிறது, அதில் தான் ஒருவர். மேடம் யோசித்துவிட்டு, ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சம்மதித்தார். ஊசி குத்திய இடத்துப் பஞ்சை மூன்று நாள் எடுக்காமல், தெருவில் எல்லோருக்கும் சட்டைக் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நடந்தார் ஈ சார். அந்த அம்மா யார் என்று அதற்குள் தெரிந்துகொண்டுவிட்ட நூலகர் கூடப் பகையை மறந்து, ஆச்சரியத்தோடு அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

புது வேலைக்குத் துணி எடுக்க மனைவி தம்பியோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அதனால் மச்சினனின் கால்சட்டைகளைச் சலவைக்கடைக்கு எடுத்துப்போகும் பொறுப்பு ஈ சாருக்கு வந்தது. அந்தக் கடைக்குள் அவர் அதுவரை நுழைந்ததே இல்லை.

சலவைக்கடைக்காரர் மூட்டையைப் பிரித்து, ஒரு கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது உங்களோடது இல்லையே சார். இடுப்பு பெரிசா இருக்கே?"

"என் மச்சினனோடது."

"அதான் கேட்டேன். அப்ப இதைச் சும்மா துவைச்சா போதுமா, இல்லை, கல்யாணமான நாள்லேர்ந்து உங்க வீட்டம்மா ரகசியமா கொண்டுவந்து உங்க துணிக்கு மட்டும் போடச் சொல்ற பூச்சி மருந்துல இதையும் ஊற வைக்கணுமா சார்?"