சைக்கிள் நகர்ந்த மதியம்

அன்று மதியம் பத்தியக்காரர் தன் சைக்கிளை ஏன் வாசலிலிருந்து ஓரமாக நகர்த்தினார்? யாருக்கு வழி விட்டார்? மூன்று வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. ஸ்டாண்டு சரியாக நிற்காமல் இருந்திருக்கலாம் என்று பகலில் தோன்றும். விளக்கு வைத்த பிறகு அப்படித் தோன்றுவதில்லை.

மதுரை ஜில்லாவிலேயே அவரைப் போல நாவல் படித்தவர் கிடையாது. அவரைப் போல நாவலுக்குப் பயந்தவரும் கிடையாது. கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கோச்சடைத் தெருக்களில் வீடு வீடாக நாவல்களை வாடகைக்குக் கொடுத்து வாங்குவார். பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிடலாம், எது ஆகாது என்று பத்தியம் சொல்வார்களே, அதே மாதிரி எந்த வீட்டுக்கு எந்த நாவல் ஆகும், எது ஆகாது என்று அவர் சொல்வார். அதனால் தெரு வைத்த பெயர் பத்தியக்காரர்.

அவருடைய விமரிசனத்தில் கதை, நடை, பாத்திரம் எதுவும் வராது. புத்தகம் போன வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் வரும்.

நானும் பி.ஏ. படித்தவள். எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. அவர் கொடுத்த சரித்திர நாவலில் குதிரை ஓடிய அளவுக்குக் கதை ஓடவில்லை என்றேன். அவர் கேட்டது வேறு.

"வீட்ல சாருக்குச் சத்தம் கூடிருச்சா தாயி?"

யோசித்துப் பார்த்தேன். சட்டையில் பித்தான் இல்லை என்பதை முந்தின நாள்தான் என் கணவர் ஒரு படையெடுப்பைப் போல அறிவித்திருந்தார்.

துப்பறியும் நாவலில் டாக்டர்தான் கொலைகாரர் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, மீதி அலுப்பு. சாவி தொலைந்திருக்குமே என்றார். பீரோ சாவி அரிசிப் பானைக்குள் கிடைத்தது. குடும்ப நாவல் எனக்குப் பிடித்திருந்தது, மாமியார் பாத்திரம் மட்டும் சற்று மிகை. அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் என் மாமியார் திருவாதவூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். மிகையில்லை என்று தெரிந்துகொண்டேன். சந்திரனுக்கு ராக்கெட் விடும் விஞ்ஞான நாவலைக் கொடுத்தபோது, கரண்டு போகும் என்று எச்சரித்தார். போனது. கோச்சடையில் அது எந்த நாவலும் படிக்காமலே போகும்.

பேய் நாவல்களை மட்டும் பெட்டிக்கு அடியில், வேப்பிலைக் கொத்துக்குக் கீழே வைத்திருப்பார். பல் முளைக்காத பிள்ளை உள்ள வீட்டுக்கு அவற்றைத் தருவதில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பல் முளைக்கட்டும், அப்புறம் பயமில்லை என்றார். பயமில்லாதது யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அட்டைப் படத்தில் இருக்கும் முகங்கள் வீட்டை நோட்டம் விடும் என்பது அவர் கட்சி. அதனால் எல்லா அட்டைகளையும் கிழித்துவிட்டுப் பழுப்புத் தாள் ஒட்டியிருப்பார். தலைப்பும் இருக்காது. பிரித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் எது எந்த நாவல் என்று சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த ஐப்பசியில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது.

குடும்பக் கதை என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே படித்தேன். முதல் பாதி குடும்பம்தான். பிறகு அந்த வீட்டுக் கைக்குழந்தை அறையின் மூலையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. பிள்ளைக்கு ஏங்கி அதே அறையில் செத்துப்போன ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவள் தூளிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்தாள். நல்ல நாவல் என்றுதான் சொல்வேன். பயமுறுத்தும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனாலேயே தூளியை என் பக்கம் இழுத்துக்கொண்டு படித்தேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. வாடகைப் புத்தகத்தில் அது வழக்கம்தான்.

நிமிர்ந்தேன். என் மகள் மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் அப்படித்தான் சிரிக்கும் என்றார் டாக்டரம்மா. என் கணவரும் அதையே சொன்னார். நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூலையைப் பெருக்கித் துடைத்துத் தண்ணீர்க் குடத்தை வைத்தேன். குடத்துக்கு மேலே பார்த்துச் சிரித்தாள். மறுநாள் குடத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பினாள். கன்னம் வற்றத் தொடங்கியது.

பத்தியக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை வாங்கி முகர்ந்தார். மூக்கு திறந்துவிட்டது போலிருக்கிறது, அவர் முகம் செத்துப்போனது.

"தப்புப் பண்ணிட்டேனே தாயி. கடைசி வரைக்கும் படிச்சியா?"

"கடைசிதான் இல்லையே அண்ணே."

"அதான். முடியாத கதை வீட்ல ஒக்காந்துக்கிரும். அதுக்குப் போக எடந் தெரியாதுல்ல."

உள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் மூலையைப் பார்த்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் அந்த நாவலின் முடிவைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அவளும் எம்புட்டு நாளைக்குத்தான் அங்கனயே ஒக்காந்திருப்பா, பாவம். பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டா. எந்திரிச்சுச் சேலையச் சரி பண்ணிக்கிட்டா. தூளியத் தொடல. வாசலுக்கு வந்தா. உசிலம்பட்டி பஸ்ஸு வந்துச்சு, ஏறிக்கிட்டா. ஏறயில வாரேன்னு சொல்லல. போறேன்னு சொன்னா."

எங்கள் பக்கம் விடைபெறும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டோம். திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல் அது.

அவர் சொல்லச் சொல்ல என் மகளின் பார்வை மூலையை விட்டு நகர்ந்தது. மெல்லத் தூளியைச் சுற்றி, என் தோளைத் தாண்டி, வாசலுக்குப் போனது. அப்போதுதான் அவர் எழுந்து, நிலைக்கு நேரே நின்ற சைக்கிளை ஓரமாக நகர்த்தினார். கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். மகள் தெருவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுப் பாலுக்கு அழுதாள். அவ்வளவு பசியோடு அவள் அழுது நான் கேட்டதில்லை.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "டிக்கெட் எடுத்துச்சாமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் கதவைத் தாழிட்ட பிறகு அன்று அதை இழுத்தும் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்த எதிர்வீட்டு அக்காவுக்கு இந்த வருடம் எங்கிருந்தோ அதே நாவல் முழுதாகக் கிடைத்தது. படித்துவிட்டு வந்து, "அதுல பஸ்ஸே வரலயே?" என்றார். மேலே சொல்ல விடாமல் அவர் வாயைப் பொத்திவிட்டேன். அப்படியானால் அந்த முடிவு பத்தியக்காரர் என் வாசல்படியில் உட்கார்ந்து தாமாகவே கட்டியது. சமீபத்தில் படித்த நாவல்களில் அதைவிட நல்ல முடிவை நான் பார்க்கவில்லை.

இப்போது அதே தூளியில் என் மகன் கிடக்கிறான். நான்கு மாதம். போன வாரத்திலிருந்து மூலையைப் பார்த்துச் சிரிக்கிறான். பத்தியக்காரர் ஆடி மாதத்திலிருந்து வரவில்லை. தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்கிறார்கள், உடம்பு சரியில்லை என்றும் சொல்கிறார்கள்.

அக்கா வீட்டில் இருக்கும் அந்த அசல் முடிவை நான் படிக்கலாமா, கூடாதா? அவர் கட்டிய முடிவை என் வாயால் சொன்னால் செல்லுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யோசித்து எழுதுங்கள். வாசலுக்கு நேரே நான் எதையும் நிறுத்துவதில்லை. உங்கள் தெருவில் அவரைப் பார்த்தால், புத்தகம் எதுவும் வேண்டாம், சும்மா ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கடைசியாகக் கிளம்பும்போது அவர் 'வாரேன் தாயி' என்றுதான் சொன்னார்.