எடை குறைவு என்று நீ விற்ற பார்

பாசத்துக்குரிய மைத்துனருக்கு,

உன் அக்கா கணவன் எழுதிக்கொள்வது. வணக்கம், ஆசீர்வாதம் இரண்டையுமே அனுப்பியிருக்கிறேன். படித்து முடித்தபின் உனக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளவும். இங்கே உன் அக்கா, மரம் அறுக்கும் மிஷின், நான் ஆகிய மூவரும் சுகம். மரியாதையின் வரிசையும் அதுவே. அங்கே உன் கடையும், கடைக்குள் நீயும், உன் வாய்க்குள் நாக்கும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். அந்த நாக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் "மாப்ளே" என்று ஆரம்பிக்கும்போதே நீ "மாமா, அக்கா பக்கத்துல இருக்காளா?" என்கிறாய். தவிரவும், நாளைக்கு இந்த விவகாரம் நாலு பெரிய மனிதர்கள் முன்னால் போய் நின்றால் வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்துதான் செல்லும். அந்த நாலு பேருக்கும் நம் தொழில் தெரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது. ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கித்தான் எழுதுகிறேன். கொட்டாவி விடாமல் படிக்கவும்.

மரம் சாய்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அடியில் மிஷினை வைத்து அறுப்பார். இன்னொருவர் தூரத்தில் நின்று, மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கமாகக் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து மிஷின் என் கையில், கயிறு உன் அக்கா கையில். வீட்டில் எந்தச் சுவருக்கு என்ன வண்ணம் என்பதில்கூட எனக்கு வாய் கிடையாது. ஆனால் மிஷின் இரைய ஆரம்பித்துவிட்டால் அந்தத் தெருவில் நான்தான் பெரிய குரல். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பதவி அது. அப்படிப்பட்டவனுக்குத் தோள் போயிற்று. டாக்டர் என் கையைப் பின்னால் மடக்கி, நான் போட்ட சத்தத்தை நிதானமாகக் கேட்டு, "தசைநார் கிழிஞ்சிருக்கு. கனமான எதையும் நீட்டிப் பிடிக்கக்கூடாது" என்றார். "மிஷின் பிடிக்கலாமா சார்?" என்றேன். "மிஷின் கனமா இல்லையா?" "கனம்தான்." "அப்புறம் என்ன கேள்வி?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தத் துக்கத்தோடு உன் கடைக்கு வந்தேன். நீ என்ன செய்தாய்? "மிஷினை ஏன் விடணும் மாமா, பாரை மாத்துங்க" என்றாய். (நாலு பேருக்காக: பார் என்பது மிஷினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத் தகடு, அதைச் சுற்றித்தான் பல் வைத்த சங்கிலி ஓடும்.) உள்ளே ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டியைப் பச்சைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாய். பெட்டிமேல் ஒருவன் மிஷினை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் 'எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு' என்று கொட்டை எழுத்து. "எதோட எடையில மாப்ளே?" என்றேன். "எடைன்னா எடைதான் மாமா" என்றாய். அதோடு விட்டாயா? "சந்தேகமா இருந்தா இப்ப இருக்கிற மிஷினை ஒரு தடவை எடை போட்டு வெச்சுக்குங்க. புதுசு மாட்டினப்புறம் போட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க" என்று சவால் வேறு.

சொன்னபடி செய்தேன். எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரரின் தராசில், டாங்கைக் காலி செய்து, எண்ணெயை வடித்து, பழைய பாரை உறையோடு மாட்டி மிஷினை வைத்தேன். அவர் முள்ளைப் பார்த்துக் கடைக் கதவில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து புது பாரை மாட்டினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில் வேலை. அவர் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு மரம் சாய்ந்துகொண்டிருந்தது. மிஷினைத் தூக்கினேன். தோள் என்னைக் கேட்காமலே கத்தியது, அதாவது நான்தான் கத்தினேன். உன் அக்கா ஓடிவந்து, "குடுங்க, ஒரு நிமிஷம் நான் பிடிச்சுக்கறேன், நீங்க கையை உதறுங்க" என்றாள். உதறினேன். உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மரம் பாதி அறுந்து நிற்கிறது. "கயிறு! என்னத்தைப் பாத்துட்டு நிக்கிறீங்க, கயித்தைப் பிடிங்க!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பிடித்தேன் மாப்ளே. அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விட்டபாடில்லை.

மரம் தொட்டிக்கு ஒரு கீறல் இல்லாமல், பாய் விரித்த மாதிரி காலியிடத்தில் படுத்தது. தலைமையாசிரியை கைதட்டினார். லாரியில் திரும்பி வரும்போது நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். உன் அக்காவே ஆரம்பித்தாள்: "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. இந்த பார் லேசா இருக்கு, அதனால என்னால முடிஞ்சுது. இது மாட்டியிருக்கிற வரைக்கும் நான் அறுக்கறேன். பழைய பார் மாட்டினா அது உங்க மிஷின், நான் கையே வைக்கமாட்டேன். பேச்சுன்னா பேச்சு." சரி, பத்து நாள் கூத்துதானே என்று நானும் தலையை ஆட்டினேன். இந்தத் தலை எதற்குத்தான் ஆடவில்லை.

பத்து நாள் பல பத்து நாளாயிற்று. இப்போது வீட்டுக்குப் போன் வந்தால் இப்படி வருகிறது: "அம்மா இருக்காங்களா?" "என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க." "ஒரு மரம் விஷயம்." "மரம்னா நான்தாங்க." "இல்லீங்க, அறுக்கிறவங்க வேணும்." இதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் போனை மனைவி கையில் கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா நிற்கவும் வேண்டும். சங்கிலிக்கு அரம் போடுவதும் அவளே, மிஷினைத் துடைத்து உறை போட்டு ஆணியில் மாட்டுவதும் அவளே. கோபத்தில் நான் அந்த மிஷின் முகத்திலேயே விழிப்பதில்லை. இந்த வாரம் கோழிப்பண்ணை வாசலில் நின்ற அந்தப் பெரிய மரத்தை அவள் சாய்த்தபோது பண்ணைக்காரர் என்னிடம் வந்து ரகசியமாக, "நீங்க அவங்களுக்கு உதவிக்கு வர்றவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, கையில் கயிறு இருக்கிறது.

எடை விஷயமாக எங்களுக்குள் நடந்த தர்க்கத்தையும் எழுதிவிடுகிறேன். "பார் மட்டும்தானே லேசு, இன்ஜின் அதே இன்ஜின், சங்கிலி அதே சங்கிலி, பெட்ரோல் அதே பெட்ரோல். மொத்தத்துல பாத்தா ஒரு டம்ளர் தண்ணி குறைஞ்சிருக்கும், இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றேன். அவள் அரத்தைக் கீழே வைக்காமலே, "கையை நீட்டி நுனியில பிடிச்சுப் பாருங்க, ஒரு டம்ளரும் குடமாத்தான் கனக்கும்" என்றாள். பிடித்துப் பார்த்திருக்கலாம். தோள் இருந்தால்தானே பிடிப்பது. அங்கேதான் எனக்கு உறைத்தது: பெட்டியில் போட்டிருப்பது பொய் என்று நிரூபித்துவிட்டால் புது பார் உன் கடைக்குத் திரும்பிப் போகும், பழைய பார் மிஷினுக்கு வரும், பேச்சுப்படி மிஷின் எனக்கு வரும். தோள் ஆறுகிறவரை சும்மா வைத்திருந்தாலும் என் கையில் சும்மா இருக்குமே!

நேற்று உன் அக்கா மளிகை வாங்கப் போயிருந்த நேரத்தில் மிஷினை நல்ல கையால் இழுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனேன். நான் எவ்வளவு நியாயமாக நடந்துகொண்டேன் என்பதை நாலு பேரும் கவனிக்கவேண்டும். முதல் தடவை போலவே டாங்கைக் காலி செய்தேன். எண்ணெயை வடித்தேன். முதல் தடவை உறையோடு எடை போட்டதால் இந்தத் தடவையும் உறையைத் தொடவே இல்லை. தராசில் வைத்தோம். கடைக்காரர் முள்ளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்த்தார். "என்னண்ணே, மிஷின் இளைக்கவே இல்லையே! அப்படியே இருக்குதே!" என்றார். மாப்ளே, மூன்றில் ஒரு பங்கை விடு, ஒரு டம்ளரை விடு, ஒரு கடுகுகூடக் குறையவில்லை! அந்த ஆளைக் கட்டிப்பிடித்தேன். வலிக்கிற கையாலும்தான்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம், "உன் தம்பி வித்த பாரோட லட்சணம் தெரியுமா? பழசு எவ்வளவோ புதுசும் அவ்வளவு. எடை போட்டுட்டேன், சாட்சி இருக்கு" என்றேன். சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவளோ, "அப்படியா? எடை போட்டீங்களா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம், "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். தோற்றவர்கள் அப்படித்தான் அடங்கிப்போவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகையால் நான் கேட்பது இரண்டுதான். பாரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், பெற்றுக்கொள்ளவும். இரண்டாவது, "மாமா சொன்னதுதான் சரி, பார் லேசு கிடையாது" என்று உன் வாயால் உன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லவும். இந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வீட்டில் நான் யார் என்பது இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. தொழில்காரன் கையில் தொழில் இல்லாவிட்டால், சாப்பிடும்போதுகூடக் கை தன்னுடையது மாதிரி இல்லை.

உன் கடையில் துருப்பிடிக்காத சரக்கும் திரும்பி வராத வாடிக்கைக்காரர்களும்... இல்லை, திரும்பித் திரும்பி வரும் வாடிக்கைக்காரர்களும் பெருகட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் உன்னை மாதிரி பேசாமல், உன் அக்கா மாதிரி வளரட்டும்.

இப்படிக்கு,
கயிறு பிடிக்கும் உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் அடித்துவிடவும். பாரைக் கழற்றிப் பொட்டலம் கட்டலாம் என்று உறையை உருவினேன். உள்ளே இருந்தது பழைய பார். அடுப்படி விறகுக் கூடையின் அடியில் புது பார் கிடந்தது, வாழைப்பழம் மாதிரி வளைந்து. உன் அக்காவைக் கூப்பிட்டேன். "போன வாரமே மரம் பாரைக் கவ்விக்கிச்சு, இழுத்தேன், வளைஞ்சுடுச்சு" என்றாள். "அப்ப கோழிப்பண்ணை மரம்?" "பழசுலதான்." "எங்கிட்ட ஏன் சொல்லலை?" "சொன்னா பேச்சுப்படி மிஷினைக் கேப்பீங்க. தோள் இன்னும் ஆறலையே" என்றாள்.  பிறகு அவளே, "பேச்சுன்னா பேச்சுதான், இந்தாங்க" என்று மிஷினை நீட்டினாள். வாங்கினேன். நீட்டிப் பிடித்தேன். வாங்கின வேகத்தில் கீழே வைத்துவிட்டேன். இரண்டு பாரையும் தனித்தனியாகத் தராசில் போட்டுப் பார்த்தாயிற்று. வளைந்தால் எடை மாறாதே. புதுசு லேசுதான், பெட்டி சொன்ன மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், அதுவும் பழைய பார் தேய்ந்து தானே இளைத்திருப்பதால் என்கிறாள் உன் அக்கா. ஆகவே நீ சொன்னது பொய்யில்லை, யாருக்கும் போன் போடவேண்டாம். பேச்சுப்படி மிஷின் மறுபடி அவள் கைக்கே போக, அதே கம்பெனியின் அதே லேசான பார் இன்னொன்று உடனே அனுப்பவும். அவளுக்கு இல்லை மாப்ளே, எனக்கு.